மேடைக்கு முதுகு காட்டி நிற்பவள்

பாட்டுக் கச்சேரி நடக்கிற மைதானத்தில் ஆயிரம் பேர் மேடையைப் பார்த்து நிற்பார்கள். அங்கம்மா மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். முண்டியடித்து முன்னால் போய், மூங்கில் தடுப்பில் சாய்ந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பிவிடுவாள். பிறகு இடது ஓரத்திலிருந்து தொடங்குவாள். தேயிலை நிரையில் ஒரு செடியையும் விடாமல் கொழுந்து எடுத்துக்கொண்டு போகிறவள்போல ஒரு முகம், அடுத்த முகம், அதற்கும் அடுத்த முகம். வலது ஓரம் வந்ததும் ஒரு பெருமூச்சு. மறுபடி இடது ஓரம்.

“ஏம்மா, பாட்டு அங்கிட்டு நடக்குது!” என்று இளவட்டங்கள் கேலி செய்வார்கள்.

“நடக்கட்டும். நீ பாரு. எனக்கு இங்கிட்டு வேல கெடக்குது” என்பாள், கண்ணை எடுக்காமல்.

வட்டகொடை ரயில் நிலையத்திலிருந்து மூன்று மைல் ஏற்றத்தில் இருக்கிறது அவளுடைய தோட்டம். காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்துக்கு முதல் ஆளாக வருவாள். சாப்பாட்டை நின்றபடியே முடிப்பாள். உட்கார்ந்து சாப்பிட்டு அவளைப் பார்த்தவர்கள் குறைவு. எதற்கும் “அது கெடக்குது” என்று சொல்லிவிடுகிற பெண். காற்றில் லயத்து வரிசை வீடுகளின் கூரைத் தகரம் பறந்து போனபோதும் அதைத்தான் சொன்னாள். கங்காணி ஏசினாலும் அதுதான். ஒரு விஷயத்தில் மட்டும் அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை.

அந்த விஷயத்தின் பெயர் நிரஞ்சன். ஒரே மகன். தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து, சைக்கிள் பிரேக் கம்பியைக் கட்டித் தானாகவே ஒரு கித்தார் செய்து வைத்திருந்தான். அதில் சுருதி நிற்காது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து வாசலில் அவன் அதை வைத்துக்கொண்டு கத்தாத பாட்டில்லை. பத்தொன்பது வயதில் கொழும்புக்கு இரும்புக்கடை வேலைக்குப் போனான். அது தொண்ணூற்றெட்டு, சண்டைக் காலம். கடைக்கு மேலே இருந்த அறையில், பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஜெயசீலனோடு தங்கியிருந்தான். ஒரு நாள் விடியற்காலையில் பொலிசார் அந்த அறையில் சோதனை போட்டு இருவரையும் கொண்டுபோனார்கள் என்று கடை முதலாளியிடமிருந்து தந்தி வந்தது.

ஜெயசீலன் ஒரு மாதத்தில் திரும்பி வந்தான். அங்கம்மாவும் புருஷன் ஆண்டியப்பனும் அவன் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். “வேற வேற வண்டியில ஏத்துனாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. அதற்குப் பிறகு அவன் தோட்டத்தில் தங்கவில்லை. எங்கேயோ போய் வேலை செய்கிறான் என்றார்கள்.

அங்கம்மா ஏறாத அலுவலகம் இல்லை. சிங்களத்தில் கேட்கவும் கற்றுக்கொண்டாள். மகனுடைய படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை ஓர் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தரவில்லை. அதனால் அவன் முகத்தை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதிலும் ஒரு வேலை செய்வாள். ஒவ்வொரு தை பிறக்கும்போதும் அந்த முகத்துக்கு ஒரு வயதைக் கூட்டிக்கொள்வாள். இருபதில் மீசை கறுத்தது. இருபத்திரண்டில் கன்னம் ஒட்டியது. “எளச்சிருப்பான். யாரு ஆக்கிப் போடுறா?” என்று நிரையில் பக்கத்தில் நிற்கிற ராசம்மாவிடம் சொல்லுவாள். ராசம்மா அடுத்த காம்பராக்காரி. ஒற்றைச் சுவர்தான் இரண்டு அறைக்கும் நடுவே.

ஆண்டியப்பன் அந்த அளவுக்குத் தாங்கவில்லை. மகன் போன அதே வருஷம், புல்லுக்கு அடிக்கிற மருந்துப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு காம்பராவின் மூலையில் உட்கார்ந்திருந்தவனை அவள்தான் கண்டாள். போத்தலைப் பிடுங்கி வாசல் சாக்கடைக் கானில் வீசினாள். அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, “நான் கூட்டியாறேன். என் தலைய அடகு வச்சாவது கூட்டியாறேன். அது வரைக்கும் நீங்க இருக்கணும்” என்றாள். அவன் சரியென்று தலையாட்டினான். அன்றிலிருந்து அந்த மனிதன் சாப்பிடுவதும் தூங்குவதும் அவள் சொன்ன சொல்லின் மேல்தான்.

கச்சேரிக்குப் போகிற பழக்கம் மாரியம்மன் கோவிலில் தொடங்கியது. சாமியாடும் செல்லசாமி மேல் அம்மன் இறங்கியிருந்தபோது அங்கம்மா காலில் விழுந்து கேட்டாள். செல்லசாமி கண்ணை மூடிக்கொண்டு, “கூட்டத்துல நிக்கிறான். பாட்டுச் சத்தம் கேக்குது” என்றார். அவ்வளவுதான் வாக்கு. கூட்டமும் பாட்டும் சேர்ந்திருக்கிற இடம் எது? அந்த வருஷமே ஹட்டனில் இசைக்குழு வந்தது. தோட்டத்து இளைஞர்கள் லொறி பிடித்தார்கள். அங்கம்மா கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டாள். பிறகு தலவாக்கலையோ கொட்டகலையோ, எங்கே ஒலிபெருக்கி கட்டினாலும் அவள் அங்கே இருந்தாள். கச்சேரிகள் எல்லாம் ராத்திரியில் நடந்தன. மேடையில்தான் வெளிச்சம். கூட்டம் இருட்டு. சிகரெட் பற்றவைக்கிற நொடியில் ஒரு முகம் தெரிந்து மறையும். அந்த நொடிகளுக்காகத்தான் அவள் ஐந்து வருஷம் நின்றாள்.

இரண்டாயிரத்து மூன்று மார்ச்சில் ஒரு செய்தி வந்தது. சண்டை நின்று வருஷம் ஒன்றாகியிருந்தது. சோதனைச் சாவடிகளை எடுத்திருந்தார்கள். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் பிள்ளைகள் பயமில்லாமல் ஊருக்கு வந்து போனார்கள். மலையகத்துப் பையன்கள் நாலு பேரும் ஒரு பெண்ணும் சேர்ந்து ‘ஏழாம் லயம்’ என்று ஒரு குழு வைத்திருக்கிறார்களாம். கித்தாரும் தப்பு மேளமும் சேர்த்து வாசிப்பார்களாம். சினிமாப் பாட்டே கிடையாதாம். எல்லாம் அவர்களே கட்டியதாம். ஹட்டனில், ஞாயிற்றுக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு.

மற்றவர்கள் சினிமாப் பாட்டு இல்லையே என்று குறைப்பட்டார்கள். அங்கம்மாவின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான்.

“பகல்லயா? ராசம்மா, பகல்லயாடி? அப்ப மூஞ்சி தெரியுமே!”

அந்த ஒரு வாரம் அவளைப் பிடிக்க முடியவில்லை. ராசம்மாவுக்குக் கவலை பிடித்தது. இத்தனை ஆசையோடு போய் இவள் எப்படித் திரும்புவாள்? “அக்கா, சும்மா பாட்டு கேட்டுட்டு வருவோம்க்கா. ஒரு நாளாச்சும்” என்று சொல்லிப் பார்த்தாள். அங்கம்மா சிரித்தாள். ஞாயிறு காலை ரொட்டி சுட்டு, கட்டச் சம்பல் இடித்து இலையில் கட்டினாள். இரண்டு பேருக்கு ஐந்து ரொட்டி எதற்கென்று ராசம்மா கேட்கவில்லை.

லொறியில் முப்பது பேர். பெண்கள் பூ வைத்திருந்தார்கள். வளைவுகளில் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து கூச்சலிட்டுச் சிரித்தார்கள். மைதானத்தில் அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. கடலை வண்டி, ஐஸ் பழ வண்டி, சிங்களப் பையன்கள், கான்வென்ட் பிள்ளைகள், சப்பாத்துப் போட்டு வந்த துரைமார் வீட்டுச் சமையல்காரர்கள். குழு மேடையில் ஏறியதும் முதலில் பின்னாலிருந்து “சினிமாப் பாட்டு!” என்று கத்தினார்கள். அந்தப் பெண், லோஜினி என்று பெயர், கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பதில் சொல்லாமல் பாடத் தொடங்கினாள்.

பத்தடிக் காம்பரா
பனி வந்து படுக்குது
பாயில எடமில்ல
நாங்க எங்க சாயுறது?

தப்பு அதோடு சேர்ந்து அதிர்ந்தபோது கத்தினவர்கள் அடங்கிப் போனார்கள். இரண்டாவது பாட்டில் ஆட்டம் தொடங்கிவிட்டது. அங்கம்மா எதையும் கேட்கவில்லை. முகங்கள், முகங்கள். வெயில் ஒவ்வொன்றையும் கழுவி வைத்ததுபோல் காட்டியது. இத்தனை முகங்களை ஒரே இடத்தில் அவள் பார்த்ததே இல்லை. இத்தனை தெளிவாகத் தெரிந்தும் அவன் இல்லையென்றால் பிறகு எங்கே போய்த் தேடுவது என்ற பயம் அப்போதுதான் முதல்முறையாக அவளுக்குள் எட்டிப்பார்த்தது.

மூன்றாவது தடவை வலது ஓரத்துக்கு வந்தபோது, ஐஸ் பழ வண்டிக்குப் பக்கத்தில், தோளில் ஒரு பெண் குழந்தையைத் தூக்கி வைத்திருந்த ஒருவன் அவளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைத் திருப்பினான். தொப்பை விழுந்திருந்தது. ஆனாலும் தெரிந்தது. ஜெயசீலன்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். குழந்தை தோளில் இருந்ததால் அவனால் ஓட முடியவில்லை.

“சீலா.”

“அம்மா... சும்மா லீவுல வந்தேன்மா.” அவன் கண் மறுபடி தரைக்குப் போனது.

“என் மூஞ்சியப் பாரு. அன்னிக்குத் தரையப் பாத்துப் பேசுன. இப்ப என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

அவன் குழந்தையை இறக்கிப் பக்கத்தில் நின்ற மனைவியிடம் கொடுத்து, தூரமாகப் போகச் சொன்னான். ஒலிபெருக்கி இடித்துக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டியதைக் கத்தித்தான் சொல்ல வேண்டும். அவன் குனிந்து அவள் காதோடு வாய் வைத்துச் சொன்னான். வேறு வேறு வண்டி இல்லை; ஒரே வண்டி. ஒரே அறை. மூன்றாம் நாள் நிரஞ்சனை விசாரிக்கக் கூட்டிப் போய், நடக்க முடியாத நிலையில் கொண்டுவந்து போட்டார்கள்.

“குளிருதுடா குளிருதுடான்னான். கொழும்புலம்மா. எங்களுக்கு வேர்த்து ஊத்துது, அவன் குளிருதுங்குறான். அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவுட்டேன். என் மடியிலதான் தல இருந்துச்சு. விடியுறப்ப பாத்தா...” அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “வெளிய வுடுறப்ப, வாயத் தொறந்தா உன்னையும் இதே மாதிரின்னு சொல்லித்தான் வுட்டாங்க. எனக்குப் பயம்மா. இன்னிக்கும் பயம்.”

“எங்க கொண்டுபோயிப் போட்டாங்க?”

“தெரியாதும்மா. சத்தியமா தெரியாது.”

அங்கம்மா தலையாட்டினாள். ஏதோ விலாசம் கேட்டுத் தெரிந்துகொண்டவள்போல இன்னொரு முறையும் ஆட்டினாள். அம்மன் வாக்குச் சொன்ன நாளில் அவன் செத்து ஏழு மாதம். ஐந்து வருஷமாக அவள் வயது கூட்டிக் கூட்டி வளர்த்துக்கொண்டிருந்த முகம் பத்தொன்பதோடு நின்றுபோயிருந்தது.

ஜெயசீலன் அவள் கையைப் பிடிக்க வந்தான். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவனுடைய கையைத்தான் அவள் இறுகப் பிடித்தாள்.

“சொன்னது சொன்ன. இத இனிமே யார்ட்டயும் சொல்லாத. எங்க வீட்டுக்காரரு உசுரோட இருக்காரு. வெளங்குதா?”

அவனுக்கு விளங்கியது.

ராசம்மா கடலைச் சுருளோடு மூச்சிரைக்க வந்தாள். “என்னாக்கா, யாரு அது? நிரஞ்சனப் பத்தி எதுவும்...”

“தெரிஞ்ச புள்ள. கொழந்த பொறந்திருக்கு அவனுக்கு.”

லொறியில் திரும்பும்போது எல்லாரும் அந்தப் பத்தடிக் காம்பராப் பாட்டையே பாடிக்கொண்டு வந்தார்கள். அங்கம்மா பிரித்துப் பார்க்காத ரொட்டிப் பொட்டலத்தை எதிரே இருந்த பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டாள். லயத்தில் ஆண்டியப்பன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தான். “நல்ல கூட்டமா? பகல்ல வேற...” என்றான்.

அவள் புருஷனைப் பார்த்தாள். ஐந்து வருஷத்தில் அவன் முதுகு எவ்வளவு வளைந்துவிட்டது என்று அன்றுதான் கண்டதுபோல் இருந்தது.

“எக்கச்சக்கக் கூட்டங்க. முழுசாப் பாத்து முடிக்க முடியல” என்றாள். “அடுத்த தடவ பாப்போம்.”

அதற்குப் பிறகு அவளைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் ஒன்றும் தெரிந்திருக்காது. பெரட்டுக்கு முதல் ஆளாகத்தான் வந்தாள். ஆனால் நிரையில் செடி விட்டுப் போகத் தொடங்கியது. “என்னா அங்கம்மா, கண்ணு தெரியலையா?” என்று கணக்கப்பிள்ளை கேட்டபோது “அது கெடக்குது” என்றாள். கோவிலுக்குப் போனால் கும்பிடுவாள், விபூதியை மட்டும் வாங்கிக் கீழே தட்டிவிடுவாள். செல்லசாமியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் பாவம், பார்வை போய்ப் பேரன் கைபிடித்து நடந்துகொண்டிருந்தார்.

அழத்தான் இடமில்லை. ஒற்றைச் சுவர் வீட்டில் அழுதால் ஏனென்று கேட்பார்கள். கொழுந்தெடுக்கிற மலையில் அழுதால் நாற்பது பேர் கூடிவிடுவார்கள். மகனுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இறைக்கவில்லை, எட்டு இல்லை, பதினாறு இல்லை, படத்துக்கு மாலை போடப் படமும் இல்லை. அந்த ஐப்பசியில் கீழ் லயத்து மூக்கன் செத்துப்போனார். எண்பது தாண்டிய கிழவர். எல்லாரிடமும் சண்டை பிடித்துக்கொண்டிருந்த ஆள். அவருடைய மருமகள்களே பேருக்குத்தான் அழுதார்கள். அங்கம்மா அந்த வாசலில் கால் வைத்ததும் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு விழுந்தாள். மாரில் அடித்துக்கொண்டு, “குளிருதுன்னியே, குளிருதுன்னியே” என்று அழுதாள். தூக்க வந்தவர்களை உதறித் தள்ளினாள். மூக்கனுக்கு இவள் என்ன உறவு என்று வெளித்தோட்டத்து ஆட்கள் விசாரித்தார்கள். ராசம்மா சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனால் கேட்கவில்லை. வெந்நீர் வைத்து அங்கம்மாவைக் குளிப்பாட்டி, தலை துவட்டிவிட்டாள். அதிலிருந்து எந்தச் சாவு வீட்டுக்கும் ராசம்மா அவளை முதலில் கூட்டிக்கொண்டு போவாள்.

கச்சேரிகளையும் அவள் விடவில்லை. விட்டால் ஆண்டியப்பன் காரணம் கேட்பான். தடுப்பில் சாய்ந்து, கூட்டத்தைப் பார்த்து நிற்பாள். கண் எந்த முகத்திலும் நிற்காது. வந்து, “இன்னிக்கும் காணல. ஆனா பாதிப் பேரத்தான் பாத்தேன்” என்பாள். அவன் அந்த மறுபாதியைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஆறு மாதம் சாப்பிடுவான்.

இரண்டாயிரத்து ஆறு சித்திரையில் ‘ஏழாம் லயம்’ வட்டகொடைக்கே வந்தது. நாடு மறுபடியும் கெட்டுக்கொண்டிருந்தது. கொழும்பிலிருக்கிற பிள்ளைகளைத் திரும்பி வரச்சொல்லித் தாய்மார் தொலைபேசிக் கடைகளில் வரிசையில் நின்றார்கள். இனி இப்படிக் கூட்டம் கூட விடமாட்டார்கள், இதுவே கடைசி என்று ஊரெல்லாம் பேச்சு. அதைக் கேட்ட ஆண்டியப்பன் பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்தான்.

“ஒனக்கு மட்டும் எம்புட்டுப் பேரப் பாக்க முடியும்? நானும் வாறேன். நீ அந்தப் பாதி, நான் இந்தப் பாதி.”

அவள் மார்ச்சளி, பனி, நடக்க முடியாது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை.

பின்னேரம் மூன்று மணி. பள்ளிக்கூட மைதானத்தில் இலேசாக மூடுபனி வந்து வந்து விலகியது. ஆண்டியப்பன் தடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, ஒவ்வொரு முகமாக வாயைத் திறந்தபடி பார்த்தான். எட்டு வருஷத்தில் இத்தனை உயிரோடு அவனை அவள் கண்டதில்லை. திடீரென்று அவள் மணிக்கட்டைப் பற்றினான்.

“அந்தா. சவுக்கு மரத்துக்குக் கீழ. பச்சச் சட்ட. ஏய், நெத்தியப் பாரு புள்ள. நம்ம பயதான்!”

“சரியாத் தெரியலையேங்க.”

“போயிப் பாரு. ஓடு. போயிறப் போறான்!”

அவள் போனாள். ஆடுகிறவர்களின் முழங்கைகள் இடித்தன. பச்சைச் சட்டைக்காரன் மரத்தில் சாய்ந்து பாட்டுக்குக் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். நெற்றி அசல் அந்த நெற்றிதான். இருந்திருந்தால் இந்த வயதுதான் இருக்கும். அவள் அவன் எதிரே நின்றுவிட்டாள்.

“என்னாம்மா?” என்றான் அவன்.

“ஒண்ணுமில்ல தம்பி. அம்மா இருக்காங்களா?”

“இருக்காங்களே. ஏன்?”

“வெள்ளன வீட்டுக்குப் போயிரு.”

அவன் புரியாமல் சிரித்தான். அவள் திரும்பினாள். தூரத்தில், தடுப்புக்குப் பக்கத்தில், ஆண்டியப்பன் குதிகாலை உயர்த்தி எம்பி எம்பி இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு இரைச்சலில் குரல் எடுபடாது. அங்கம்மா ஆடுகிற அத்தனை தலைகளுக்கும் மேலாகத் தெரியும்படி வலது கையை உயர்த்தி, இல்லை என்று மெல்ல அசைத்தாள்.